கூப்பனின் முதுகில் இருந்த கட்டம்

என் அக்கா ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் பல்லைப் பார்ப்பாள். பல் செட் செய்யும் லேபில் இருபத்தாறு வருடமாக மெழுகோடும் பிளாஸ்டரோடும் மல்லுக்கட்டுகிறவள். எதிரே நிற்பவர் வாயைத் திறந்தால் போதும், எது சொந்தப் பல், எது கட்டிய பல் என்று சொல்லிவிடுவாள். ஒருமுறை கல்யாணம் பேச வந்தவரிடம், "கொஞ்சம் கடவாய்ப் பல் தெரியற மாதிரி சிரிங்க" என்று கேட்டாள். வந்தவர் வந்த வழியே போனார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை, அவளும் யாரையும் தேடவில்லை. நாற்பத்தேழு வயதாகிறது. அம்மா இருந்த அதே இரண்டாம் மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். 'தனியாக' என்று நான் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். அலமாரியில் நாற்பத்தொரு 'கரும்புறா' இருக்கிறதே!

'கரும்புறா' எங்கள் சின்ன வயதில் மாதம் ஒன்று வந்த சித்திரக்கதைப் புத்தகம். கறுப்பு மேலங்கி போட்ட ஒருவன் கூரைகளின் மேல் ஓடி ஓடி, யாரோ வழிமறித்து ஒளித்து வைத்த கடிதங்களை உரியவர்களிடம் சேர்ப்பான். அவனுக்குத் துணை, சுண்டெலி என்றொரு பெண். பன்னிரண்டு வயது, கயிறு வீசுவதில் கெட்டிக்காரி. அக்காவுக்கும் அப்போது பன்னிரண்டு. குள்ளம், துறுதுறுப்பு, எந்தச் சந்திலும் நுழைந்து வெளியே வருவாள். வீட்டில் அவளுக்குச் சுண்டெலி என்றே பெயராகிவிட்டது. அம்மா கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டாள்.

நாற்பத்தொன்றாம் இதழில் கரும்புறா கடிகாரக் கோபுரத்திலிருந்து தொங்குகிறான். மேலே சுண்டெலி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அதற்கடுத்த கட்டத்தில் அவன் விழுகிறான். அந்தக் கடைசிக் கட்டம் இருந்த தாளின் மறுபக்கத்தில், நேர் பின்னால், ஒரு கூப்பனை அச்சடித்து வைத்தார்கள் அந்தப் புண்ணியவான்கள். 'கரும்புறா பிழைக்க வேண்டுமா? ஆம், இல்லை. வெட்டி அனுப்புக.' கூப்பனை வெட்டினால் கடைசிக் கட்டமும் சேர்ந்து போகும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் கத்தரிக்கோலை எடுத்தார்கள். அடுத்த மாதம் அந்தக் கம்பெனியே மூடிவிட்டது. நாற்பத்திரண்டாம் இதழ் வரவே இல்லை. மூலப் படங்கள் எங்கே போயின என்று தெரியாது. இன்று கையில் இருக்கிற எல்லாப் பிரதியிலும் அந்த இடத்தில் தீப்பெட்டி அளவு ஓட்டைதான்.

முப்பத்தைந்து வருடமாக ரசிகர்களுக்குள் ஒரே சண்டை. கயிறு அறுந்ததா, சுண்டெலி கையை விட்டாளா? வெட்டுவதற்கு முன்னால் பார்த்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆனால் எல்லோரும் அன்று பொடிசுகள், ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் மழை பெய்தது என்றார், இன்னொருவர் வௌவால் குறுக்கே வந்தது என்றார். கட்டத்தை அப்படியே கண்முன் நிறுத்தியவள் அக்கா ஒருத்திதான்.

"மூணு புரிக் கயிறு. ரெண்டு புரி போயிருச்சு. மூணாவது பிரியுது, நடுவுல ஒரே ஒரு நூல் நீட்டிக்கிட்டு நிக்குது. சுண்டெலியோட ரெண்டு கையும் இறுக்க மூடித்தான் இருக்கு. அவ விடல. கயிறுதான் அறுந்துச்சு."

சைக்கிள் கடை மாடியில் மாதத்தின் முதல் ஞாயிறு கூடும் ரசிகர் கூட்டத்தில் அவளுக்குப் பெயரே 'சாட்சி'. "நீங்க உங்க கண்ணால பாத்தீங்களா?" என்று ஒருவர் முதல் கூட்டத்திலேயே கேட்டார். "பாத்தேன்" என்றாள். நானும் அன்று பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

போன வருடம் ஒரு இளம் எடிட்டர் கரும்புறாவின் உரிமையை வாங்கி, கதையை மறுபடி தொடங்கப் போவதாக அறிவித்தார். சைக்கிள் கடை மாடியே ரெண்டுபட்டது. பழசைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று பாதிப் பேர், எப்படியாவது வந்தால் போதும் என்று மீதிப் பேர். அக்கா மட்டும் நிதானமாகச் சொன்னாள்: "பழைய வீட்டை இடிச்சுக் கட்டுறது தப்பில்ல. உள்ளே ஆள் இருக்காங்களான்னு பாத்துட்டு இடிக்கணும்."

எடிட்டர் அவளிடமே வந்துவிட்டார். மாதிரிப் பக்கங்களைக் கொடுத்து, சரிபார்க்கச் சொன்னார். ஒரு பக்கத்தில் கரும்புறா வாய் நிறையச் சிரிக்கிறான். அக்கா பூதக்கண்ணாடியை வைத்துப் பல்லை எண்ணினாள். தெரிந்த பல் மட்டும் முப்பத்தாறு! "இவன் கரும்புறாவா, கருஞ்சுறாவா?" என்று எழுதி அனுப்பினாள். மேலங்கிக்கு எத்தனை பொத்தான், சுண்டெலி எந்தக் கைக்காரி என்று பதினோரு பக்கத்துக்குத் திருத்தம் போட்டாள். எல்லாவற்றையும் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். புதுக் கதையின் முதல் பக்கமே அந்தத் தொலைந்துபோன கட்டம்தான் என்று முடிவாயிற்று. அக்கா சொல்லச் சொல்ல ஓவியர் வரைந்தார். புத்தகத்தை எங்கே அச்சடிக்கலாம் என்று எடிட்டர் கேட்டபோது, அக்கா நான் நாலு கலர் மெஷின் ஓட்டுகிற அச்சகத்தைக் கைகாட்டினாள்.

அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, அச்சுப் பிளேட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த என்னிடம் எடிட்டர் ஓடி வந்தார். முகமெல்லாம் பல்.

"அண்ணே, விஷயம் தெரியுமா? வெட்டாத பிரதி ஒண்ணு கெடச்சிருச்சு! வேற ஊர்ல ஒரு அம்மாவோட பெட்டியில இருந்திருக்கு. பழைய பிளாஸ்டிக் உறை, இன்னும் பிரிக்கவே இல்ல. ஞாயித்துக்கிழமை வெளியீட்டுக்குக் கொண்டுவராங்க. மேடையில எல்லார் முன்னாடியும் அக்கா கையாலதான் பிரிக்கப் போறோம். முப்பத்தஞ்சு வருஷச் சண்டை அதோட முடிஞ்சுது!"

அது முடியக் கூடாதே என்று இருந்தது எனக்கு. ஏனென்றால் அந்த மூன்று புரிக் கயிற்றை முறுக்கியவன் நான்.

எங்கள் வீட்டுக்கு ஒரே பிரதிதான் வரும். முதலில் அக்கா படிக்க வேண்டும், அப்புறம்தான் நான். அது சட்டம். நாற்பத்தொன்றாம் இதழ் வந்த வாரம் அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி. இரண்டு கன்னமும் உப்பிப் படுத்திருந்தாள். எட்டு வயதுப் பயலான என்னைத்தான் கடைக்கு அனுப்பினார்கள். வாங்கிய கையோடு கூப்பனைப் பார்த்துவிட்டேன். பத்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டுமாம், அன்று எட்டாம் தேதி. என் ஒரு ஓட்டு குறைந்ததால் கரும்புறா செத்துவிட்டால்? கடைக்காரரிடம் கத்தரிக்கோல் வாங்கி, அங்கேயே வெட்டி, 'ஆம்' என்று குறித்து, கார்டில் ஒட்டிவிட்டேன். ஒட்டுவதற்கு முன்னால் திருப்பிப் பார்த்தேன். கட்டத்தைப் பார்த்தேன், பேச்சுப் பலூனில் இருந்ததையும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். சுண்டெலி கையை விரித்திருந்தாள். கயிறு முழுசாக, ஒரு புரிகூடப் பிசகாமல், அவள் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தால் அக்கா ஓட்டையைப் பார்த்து ஓவென்று அழுதாள். வீங்கின கன்னத்தில் கண்ணீர் வழிய, "சுண்டெலி விட்டுட்டாளாடா?" என்று கேட்டாள். வீட்டுச் சுண்டெலியிடம் நான் என்னவென்று சொல்வது? "சேச்சே, கயிறு அறுந்து போச்சுக்கா" என்றேன். எப்படி அறுந்தது என்று கேட்டாள். சொன்னேன். எத்தனை புரி என்று கேட்டாள். அதையும் சொன்னேன். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்களே, அதில் நான் பிறவிப் புலவன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பதும் சரிதான், ஆனால் என் புளுகு முப்பத்தைந்து வருடம் ஓடிவிட்டது.

சின்னப் பையன் சொன்ன பொய், அதுக்கென்ன இப்போ என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன், அக்காவின் இருபத்தாறாவது வயதுவரை. அந்த வருடம் அம்மாவுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அதே மாதம் அக்காவுக்குக் கடல் தாண்டி ஒரு பெரிய லேபிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. பீங்கான் பல் செய்ய அவளைப்போல் கைவாகு உள்ளவர்கள் அன்றைக்கு அபூர்வம். நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா குழறிக் குழறிச் சொன்னாள்: "என்னை விட்டுட்டுப் போடி சுண்டெலி. தம்பி இருக்கான்ல, பாத்துப்பான். விட்டுடு." அக்கா சிரித்தாள். "சுண்டெலி விட மாட்டாம்மா. கயிறா அறுந்தா அறுந்துட்டுப் போகட்டும்."

ஆறு வருடம் அம்மாவைத் தூக்கினாள், துடைத்தாள், ஊட்டினாள். அந்த லேப்காரர்கள் இரண்டு முறை எழுதிக் கேட்டுவிட்டு விட்டுவிட்டார்கள். நான் அந்த வருடமே கல்யாணம் செய்துகொண்டு தனி வீடு பார்த்துப் போனேன். அடுக்களையை விட்டு வெளியே வந்து, "அக்கா, நீ போ, நான் பாத்துக்கறேன்" என்று சொல்ல ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. எனக்கு வசதியாக இருந்தது, சும்மா இருந்தேன். இதை இதற்கு முன்னால் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மேடையில், ஊரே பார்க்க, அவள் கையாலேயே அந்த உறையைப் பிரிக்கப் போகிறாள். முப்பத்தைந்து வருடம் பொய்ச்சாட்சி சொன்னவள் என்று ஆகப்போகிறாள். நாலு மணிக்கு மெஷின் ஓட வேண்டும். ஓடிவிட்டால் அந்தப் பொய் அச்சில் ஏறிவிடும், அதுவும் அவள் பெயரோடு. கட்டத்தின் கீழே ஒரு வரி போட்டிருந்தார்கள்: 'நேரில் கண்ட வாசகியின் சாட்சியப்படி வரைந்தது.' பக்கத்தில் அக்காவின் முழுப்பெயர்.

மதியம் ஒரு மணிக்கு லேபுக்கு ஓடினேன். அக்கா ஸ்பிரிட் விளக்கில் கத்தியைச் சூடாக்கி மெழுகு ஈறு செதுக்கிக்கொண்டிருந்தாள். மேசையில் பத்துப் பன்னிரண்டு தாடைகள் வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்தன.

"என்னடா இந்த நேரத்துல? சாப்பிட்டியா?"

"சாப்டேன்." சாப்பிடவில்லை.

"நான் மூணரைக்கே வந்துடுவேன். இருபத்தாறு வருஷத்துல இன்னைக்குத்தான் மொதல் தடவையா அரை நாள் லீவு கேட்டேன். எங்க முதலாளிக்கு மயக்கமே வந்துருச்சு" என்று சிரித்தாள். "எடிட்டர் தம்பி போன் பண்ணுச்சு. ஞாயித்துக்கிழமை நான்தான் பிரிக்கணுமாம். தெரியும்ல?"

"பிரிக்காதேக்கா."

"ஏன்?"

சொல்லத்தான் வந்திருந்தேன். "கூட்டத்துல உனக்குக் கை நடுங்கும்ல" என்றேன்.

"எனக்கா? கை நடுங்கினா இந்தத் தொழில்ல சோறு கிடைக்குமாடா?" கத்தியைத் திருப்பிக் காட்டினாள். மெழுகில் ஒரு கீறல் பிசகவில்லை. கோழை நான், வந்தபடியே திரும்பிப் போனேன்.

மூன்றரைக்குச் சொன்னபடி வந்தாள். தலை வாரி, துவைத்து இஸ்திரி போட்ட உடுப்பில், பூதக்கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். எடிட்டரும் வந்துவிட்டார். நாலு பிளேட்டையும் ஏற்றிச் சோதனைத் தாள்களை ஓட்டினேன். நிறம் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்க்கிற சாக்கில் இன்னும் பத்துத் தாள், இன்னும் இருபது தாள் என்று இழுத்தேன். ஒரு ரசிகனுக்கு வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கிற நிமிடம் அது. அவள் ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கரும்புறாவின் பல்லை எண்ணினாள். கயிற்றைப் பார்த்தாள். கடைசியாகத் தன் பெயரைப் பார்த்தாள். விரலால் தொட்டாள், மை ஒட்டிக்கொண்டது.

"அண்ணே, நாலாகப் போகுது. எல்லாம் சரிதானே? ஓட்டிடலாமா?" என்றார் எடிட்டர்.

என் கை பொத்தானில் இருந்தது. இதற்கு மேல் தாங்காது.

"அக்கா, அந்தக் கயிறு அறுந்து போகல."

"என்னது?" மெஷின் சத்தத்தில் காதைக் கிட்டே கொண்டுவந்தாள்.

"கயிறு அறுந்து போகலக்கா! நான் அன்னைக்குச் சொன்னது பொய்! அவ கையை விட்டுட்டா!"

கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. எடிட்டருக்கும் கேட்டுவிட்டது. அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அவளே அடித்தாள். மெஷின் முனகிக்கொண்டே நின்றது. அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன். கார்டுல ஒட்டுறதுக்கு முன்னாடி."

"மூணு புரி?"

"நான் சொன்னதுதான்."

"நடுவுல நின்ன அந்த ஒத்தை நூல்?"

"அதுவும் நான் சொன்னதுதான்க்கா. நம்ம கொடிக்கயித்தைப் பாத்துச் சொன்னேன்."

அவள் தாளை மடக்கவில்லை, கசக்கவில்லை. மேசையில் வைத்துவிட்டு எடிட்டர் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, நான் அந்தக் கட்டத்தைப் பாக்கல. பாத்தவன் இவன். இவன் வாயால கேட்டதை எடுத்து என் கண்ணுல வெச்சுக்கிட்டேன். மொத கூட்டத்துல 'பாத்தீங்களா'ன்னு கேட்டப்போ, தம்பி சொல்லக் கேட்டேன்னு சொல்லியிருக்கணும். பாத்தேன்னு சொன்னேன். இவன் சொன்ன பொய் இவனோடது. நான் சொன்னது என்னோடது."

எடிட்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அக்கா... நாளன்னிக்கு வெளியீடு. புது பிளேட்டுக்கு நேரமில்ல. சரி, இவர் பாத்தாருன்னா இவர் சொல்றதையாவது..."

"வேணாம். எங்க வீட்டுலேர்ந்து உங்களுக்கு வந்த சாட்சி போதும்." தாளைக் கவிழ்த்து வைத்தாள். "காலியா விடுங்க. எல்லாரு வீட்டுப் புத்தகத்துலயும் அந்த எடத்துல ஓட்டைதானே இருக்கு? ஓட்டையாவே அடிங்க."

"ஆனா அடுத்த இதழ்க் கதையே கயிறு அறுந்ததை வெச்சுத்தான்க்கா..."

"இன்னும் எழுதலைல்ல? ஞாயித்துக்கிழமை நானே வந்து பிரிக்கிறேன். என்ன இருக்குன்னு பாத்துட்டு எழுதுங்க. யார் என்னைத் திட்டுறாங்களோ திட்டட்டும்."

எடிட்டர் அந்தச் சோதனைத் தாளை நிமிர்த்திப் பார்த்தார். பிறகு என்னிடம், "அண்ணே, இந்த ஒரு கட்டத்தை மட்டும் எடுக்க முடியுமா?" என்றார்.

முடியும். பிளேட்டில் புதிதாக ஒரு கோடு சேர்க்க முடியாது, இருப்பதை அழிக்க முடியும். அதற்கென்று ஒரு பேனா உண்டு. அதன் திரவத்தைத் தடவினால் அந்த இடத்துப் படம் கரைந்து போகும், மை பிடிக்காது. நாலு நிறத்துக்கு நாலு பிளேட், நாலிலும் அழிக்க வேண்டும். எடிட்டர் ஓவியரிடம் சொல்ல போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் பிளேட்டுகளைக் கழற்றி மேசையில் போட்டுக் குனிந்தேன். அக்கா போகவில்லை. எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மஞ்சளை அழித்தேன். சிவப்பை அழித்தேன். நீலத்தையும் அழித்தேன். கறுப்பு பிளேட்டில்தான் எல்லாம் கோடு கோடாகத் தெளிவாக இருந்தது. மூன்று புரி, பிரிந்து நிற்கிற ஒற்றை நூல், இறுக்க மூடின இரண்டு கை. அவள் பெயரும் அதில்தான்.

"பேரை மொதல்ல அழி" என்றாள்.

அழித்தேன். என் கண் மறைத்தது, கையால் துடைத்துக்கொண்டேன்.

"மருந்துக் கையைக் கண்ணுல வைக்காதேடா, எரியும்" என்றாள். அந்த நேரத்திலும் அதைச் சொல்ல அவளால் முடிந்தது. நான் கயிற்றை அழிக்கத் தொடங்கினேன்.

"அவ ஏன் விட்டா?" என்று கேட்டாள். "சும்மா விட மாட்டாளே. பலூன் ஏதாவது இருந்துச்சா?"

"இருந்துச்சு. கீழேர்ந்து அவன் சொல்றான்."

"என்ன சொல்றான்?"

"ஒரே வார்த்தைதான்க்கா. 'விட்டுடு'ன்னு."

அக்கா என் கையில் இருந்த பேனாவைப் பார்த்தாள். பிளேட்டில் மூடின கை இரண்டும் மிச்சம் இருந்தன.

"அம்மாவும் அதைத்தாண்டா சொன்னாங்க" என்றாள்.